ஆவி உருண்டை

நாயுடுபுரம் இறக்கத்தில்
சவரிநாயகம் புதிதாய்க் கட்டிய விடுதிக்குப்
பலகை எழுதித் தர வேண்டும்.
ஆங்கிலப் பலகையை ஏற்கெனவே மாட்டியாயிற்று,
நல்ல அட்மாஸ்பியர் என்று முடிகிறது.
"அதுக்கு நல்ல தமிழா ஒண்ணு போடுங்க மேடம்,
வார்த்தைக்கு ரெண்டு ரூபா."

வளிமண்டலம் என்றேன்.
ஏழாம் வகுப்பில் ஐந்து அடுக்காக
வண்ணம் தீட்டி மதிப்பெண் வாங்கிய சொல்.
மூலையில் கணக்கு நோட்டோடு இருந்த தம்பி அருளப்பன்,
ஊரில் சித்த மருந்தும் கொடுப்பவர்,
தலை தூக்கவில்லை.
"வளின்னா வாயு. மண்டலம்னா நாப்பத்தெட்டு நாள்.
வயித்து உப்புசத்துக்கு மருந்து கேட்டு வருவாங்க."
அண்ணனிடம் சொல்லவில்லை,
சுவரிடம் சொன்னார்.
பூம்பாறைப் பூண்டு நிலத்தை அளந்ததிலிருந்து
இருவருக்கும் சுவர்தான் காது.

சூழல் என்றால் அரசாணை நெடி அடிக்கிறது.
சூழ்நிலை என்றால்
யாரோ ராஜினாமா செய்யப் போகிறார்.

அறைக்கு வந்து வேரைத் தோண்டினேன்.
கிரேக்கத்தில் அது இரண்டே துண்டு:
ஆவி, உருண்டை.
கீழ்வீட்டில் பிலோமினா
இட்லிச் சட்டி மூடியைத் திறக்கும் சத்தம் கேட்டது.
நனைந்த தீப்பெட்டியை மூன்றாவது முறை உரசியபடி
இன்னும் கொஞ்சம் படித்தேன்.
ஆங்கிலத்தில் முதலில் அந்தச் சொல்லை
பூமிக்காக எழுதவில்லையாம்,
நிலாவுக்காக.
சொல்லிக்கொள்ளும்படி காற்றே இல்லாத நிலா.
நானூறு வருஷத்துக்கு முன்னால் ஒருவர்
அண்ணாந்து பார்த்து
அங்கேயும் யாராவது மூச்சு விடுவார்கள் என்று
நம்பியிருக்க வேண்டும்.

காலையில் போய் ஆவி என்றேன்.
"ஐயய்யோ, பேய் பங்களான்னு நெனப்பாங்க மேடம்!"
நோட்டுக்குள்ளிருந்து ஒரு சிரிப்பு வந்தது.
அண்ணன் அதற்குச் சிரித்தாரா
எனக்குச் சிரித்தாரா தெரியவில்லை.
கதவைச் சாத்த மறந்திருந்தோம்,
மேகம் ஒன்று உள்ளே வந்து
சாவி மாட்டும் பலகை வரை போனது.
பேசாமல் இருந்தவர் வாயிலிருந்தும்
வெள்ளையாய்ப் புகைந்தது.

கடைசியில்
நல்ல குளிர் என்று எழுதினோம்.
நான்கு ரூபாய்.
அண்ணனிடம் பத்து ரூபாய் நோட்டுதான் இருந்தது.
சில்லறை
தம்பியின் சட்டைப்பையில்.
மூன்று பேரும் கொஞ்ச நேரம்
அப்படியே நின்றோம்.