மடியில் கனம்

பெயரைக் கேட்காதீர்கள்.
சத்தியம் செய்து கொடுத்த வாய் இது.
வூப்பர்ட்டால், காவல் நிலையத்து இரண்டாம் மாடி,
மாசி மாதம்.
இதுவே கூடுதல்.

ஜன்னலுக்கு வெளியே தொங்குரயில்
மேலே எதையோ பிடித்துக்கொண்டு ஆற்றைக் கடந்தது.
அவர் வேலை உடுப்போடு வந்திருந்தார்,
கைகளில் வெங்காய வாசம்.

அதிகாரி வாசித்தாள், நான் தமிழாக்கினேன்:
"நீங்கள் எதுவும் சொல்லவேண்டும் என்ற கட்டாயமில்லை.
எந்த நேரத்திலும் வழக்கறிஞரைக் கேட்கலாம்."

தேத்தண்ணி தரட்டோ என்று கேட்டால்
ஐயோ வேண்டாம் என்போமே,
அந்தச் சாயலில் மறுத்தார்.
"எனக்கேன் லோயர்? நான் என்ன கள்ளனோ?
மடியில கனமில்லாட்டி வழியில பயமில்லை."

இருபத்திரண்டு வருடத் தொழிலில்
ஒரு பழமொழிக்கு நான் பயந்தது அன்றுதான்.
மடி என்றால் ஜெர்மனில் குழந்தை உட்காரும் இடம்,
இடுப்பில் காசு முடிகிற இடமில்லை.
வந்த மாதிரிச் சொன்னேன்.
அவள் தட்டச்சை நிறுத்தி நிமிர்ந்தாள்:
"என்ன கனம்? யாருடைய மடியில்?"

பிறகு அவர் நிறுத்தவேயில்லை.
கூட்டாளி ஒருவன், மூன்றே மூன்று நாளைக்கு
வங்கிக் கணக்கை இரவல் கேட்டது,
இரண்டாயிரத்து நானூறு யூரோ வந்தது,
எடுத்துக் கொடுத்தது,
"நூறை நீ வைச்சிரு" என்று அவன் சொன்னது.
யாரும் கேட்காத அந்த நூறையும் சொன்னார்.
கோப்பில் அது இருந்ததா, எனக்குத் தெரியாது.
அவருக்கும் தெரியாது.
கோப்பைப் பார்க்கிற உரிமை வழக்கறிஞரோடு வரும்,
அவரைத்தான் வேண்டாம் என்றாயிற்றே.

நடுவில் என் பக்கம் திரும்பினார்:
"அக்கா, இதைச் சொல்லவோ, விடவோ?"
அதையும் ஜெர்மனில் சொல்வதுதான் என் வேலை.
சொன்னேன்.
"மொழிபெயர்ப்பாளர் ஆலோசனை சொல்ல முடியாது" என்றாள்.
அதைத் தமிழில் சொன்னேன்.
என் வாயாலேயே என் வாயைக் கட்டினேன்.

கைபேசியின் இரகசிய எண் கேட்டார்கள்.
கேட்கலாம். சொல்லத்தான் வேண்டும் என்றில்லை.
சொன்னார்: மகளின் பிறந்தநாள்.
இருபத்தொன்றை இங்கே
ஒன்றும் இருபதும் என்று திருப்பிச் சொல்வார்கள்.
ஒரு கணம் தடுமாறி, சரியாகத் திருப்பினேன்.
திறந்தது.
முன்பல் விழுந்த பிள்ளையொன்று சிரித்தது,
அறையில் இருந்த எல்லோரையும் பார்த்து.

எங்களிடம் மௌனம் என்றால் சம்மதம்.
இல்லாவிட்டால் குற்றம். கோபம். திமிர்.
இவர்களின் சட்டத்தில்
சந்தேகத்துக்குள்ளானவர் பேசாமல் இருந்தால்
பேசாமல் இருந்தார், அவ்வளவுதான்.
பெயர், பிறந்த தேதி, முகவரி.
அதற்குப் பிறகு வாயை மூடுவது மரியாதைக் குறைவல்ல.
இதை நல்ல தமிழில் எப்படிச் சொல்வது என்று
வீடு திரும்பும் ரயிலில் கண்டுபிடித்தேன்,
எதிர் இருக்கையில் யாரோ மறந்துவிட்ட குடைக்கு.

ஆறு பக்கம். ஆறிலும் கையெழுத்து வைத்தார்,
தமிழில்,
ஒற்றெழுத்துகளுக்குக் கவனமாய்ப் புள்ளி போட்டு.

சித்திரையில் ஒரு சனிக்கிழமை,
தவயோகன் கடையில், மீன் பெட்டியருகே கண்டேன்.
"ரெண்டு பேருக்கும் அறிமுகமோ?" என்றார் தவயோகன்.
நான் சத்தியத்தில் நின்றேன்.
அவர் என்னைப் பார்த்தார்,
உறைந்த மீனைப் பார்த்தார்,
ஒன்றும் சொல்லவில்லை.

விளமீன் கிலோ பதின்மூன்று ஐம்பது என்றார் தவயோகன்.