இருவரும் ஒருவரே

மஸ்கெலியா பஸ் நிலையத்துக்கு எதிரே என் கடை.
போட்டோ கொப்பி, லெமினேட், பாஸ்போட் படம்.
மழைக்காலத்தில் கண்ணாடி வேர்க்கும்.
சாரத்து முனையால் துடைத்துக்கொண்டே
பிறப்புச் சான்றிதழ்களின் பிழைகளை வாசிப்பேன்.

பேச்சாயி, பிச்சாய் என்று இருக்கும்.
சடையாண்டி, செடயன்.
கிளாக்கர் ஐயாவுக்கு எவ்வளவு காதில் விழுந்ததோ
அவ்வளவுதான் ஒரு மனுசனுக்குப் பெயர்.
பிறகு சமாதான நீதவானிடம் போய்
'மேற்படி இருவரும் ஒருவரே' என்று
சத்தியக் கடதாசி முடிக்க வேண்டும்.
அதற்கும் கொப்பி என்னிடம்தான்.

அந்தப் பிழைகளின் மேல்தான்
அவர் தன் சபையைக் கட்டினார்.
முன்பு நுளம்பு வலை விற்றவர்.
இப்போது 'முந்தியவர்', அவ்வளவுதான்.
புதுக்காட்டு மேல்கணக்கில், மூடிக்கிடந்த ஸ்டோருக்குள்
சனிக்கிழமை இரவுகளில் பேசினார்:

பெயர் என்பது கயிறு.
கப்பலில் ஏற்றும்போது ஒருமுறை கட்டினான்,
செக்ரோலில் இன்னொருமுறை.
பிரட்டுக்களத்தில் தினம் அதைச் சுண்டி இழுக்கிறான்.
எமனும் பெயர் வாசித்துத்தான் கூப்பிடுகிறான்.
பெயரே இல்லாதவனை
எந்த வாயால் கூப்பிடுவான்?

எனக்கே ஒரு கணம் மயிர் கூச்செறிந்தது.
ஏன் மறைக்க வேண்டும்.

என் தங்கை தவச்செல்வி
அடுத்த பௌர்ணமியில் எரித்துவிட்டாள்.
அடையாள அட்டை. பிள்ளையின் கிளினிக் அட்டை.
அப்பாவின் பிரஜாவுரிமைப் பத்திரம்.
அதற்காகப் பதினெட்டு வருசம்
கச்சேரிக்கு அலைந்தவர் அவர்.
பிளாஸ்டிக் உறை முதலில் சுருங்கியதாம்,
பிறகு அவள் முகம்.
பிள்ளைக்கு அடுத்த ஊசி எப்போதென்று
இப்போது யாருக்கும் தெரியாது.

கோயில் தலைவரும் உபதேசியாரும்
முதல்முறையாக ஒரே வாங்கில் உட்கார்ந்து
மனு எழுதினார்கள். 'சமூகத்தைச் சீரழிக்கும் கும்பல்.'
இருநூறு கொப்பி.
மறுநாள் சபைக்காரப் பையன் வந்தான்,
'கயிறறுத்தோர் சொல்' என்ற துண்டுப் பிரசுரம், முந்நூறு.
இரண்டுக்கும் ஒரே டோனர், ஒரே விலை.
நீ எந்தப் பக்கம் என்றார் தொழிற்சங்கக்காரர்.
கரண்ட் இருக்கிற பக்கம் என்றேன்.
அவருக்குச் சிரிப்பு வரவில்லை,
சந்தா குறைந்திருந்தது.

ஆவணியில் சபைக்காரர் ஒருவர் செத்தார்.
பெயரைச் சுட்டவன் எப்படிச் சாவான் என்று
லயமே கேட்டது.
ட்ரங்குப் பெட்டியடியில் ஒரு சேமலாபச் சீட்டை
ஒளித்து வைத்திருந்தாராம்.
அதுதான் காட்டிக்கொடுத்ததாம்.
கிராம சேவகர் படிவத்தில்
பெயரின் இடத்தில் ஒரு கோடு இழுத்தார்.

பிறகு ஒருநாள் முந்தியவரே கடைக்கு வந்தார்.
வெள்ளைச் சேர்ட், நல்ல குடை.
வேன் பதிவுப் புத்தகம், இரண்டு கொப்பி.
உரிமையாளர் கட்டத்தில் முழுப்பெயர் இருந்தது,
தகப்பன் பெயரோடு,
ஓர் எழுத்துப் பிழையில்லாமல்.
மீதிச் சில்லறையை எண்ணிப் பார்த்துத்தான் போனார்.

இதைச் சொல்லத்தான் தங்கையை வரச் சொன்னேன்.
சொன்னேன்.
"அவரு கயிறு அவரு பாடு" என்றாள்.
"காலையில பிரட்டுச் சங்கு ஊதுறப்ப
எனக்கு இப்ப நெஞ்சு படபடக்கிறதில்லண்ணே.
அதுக்கு ஒங்கிட்ட கொப்பி இருக்கா?"

போகுமுன் மெசின் மூடியைத் தூக்கி
வலது கையைக் கண்ணாடியில் வைத்தாள்.
எடு, என்றாள்.
பச்சை வெளிச்சம் அவள் விரலடியில் ஊர்ந்து போனது.
தாளில் வந்தது:
கொழுந்துக் கறை ஏறிய ரேகைகள்,
தேயிலை வாது கிழித்த பழைய தழும்பு.
வேறொன்றுமில்லை, ஒரு முழுப்பக்கம்.

லாச்சிக்குள், அவளுக்குத் தெரியாமல்
நான் முன்பே எடுத்து வைத்த
அடையாள அட்டைக் கொப்பி இருக்கிறது.
அதில் அவள் 'தவசெல்லி'.
இரண்டையும் ஒரே உறையில் போட்டேன்.

எந்த நீதவான் இதில் கையெழுத்து வைப்பார்?
வெளியே நோர்வூட் பஸ் உறுமிக்கொண்டிருந்தது.
கண்டக்டர் மிதிபலகையில் தொங்கியபடி
ஊர்களின் பெயர்களைக் கத்திக்கொண்டிருந்தான்.