ஆளில்லாத சரிவு

சனிக்கிழமைகளில்
மீன் தொழிற்சாலையின் சாப்பாட்டுக் கூடத்தில்
படம் போடுவேன்.
மேசைகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு,
ஜன்னல்களில் கம்பளி தொங்கவிட்டு.
கோடையில் எங்களுக்குக் கம்பளிதான் இரவு.

கிரீன்லாந்து வரைபடத்தில்
எங்கள் ஊர் ஒரு ஈ உட்கார்ந்துபோன இடம்.
குறுந்தட்டுகள் முதல் சரக்குக் கப்பலில் வரும்,
உருளைக்கிழங்கோடு.

யாருக்கு எந்தப் படம் என்பது எனக்கு மனப்பாடம்.
கில்லாக்குக்குப் பாலைவனம்.
தண்ணீருக்கு ஒருவன் மணலில் தவழ்வான்,
இவர் கால் நீட்டிச் சாய்ந்துகொள்வார்:
"எவ்வளவு தூரம் போகிறான்,
ஒரு இடத்திலாவது தரை உடைகிறதா பார்."

கடைக்கார நிவிக்காவுக்கு
நகரம் வெறுத்துக் காட்டுக்குப் போகிறவனின் படம்.
அவன் மூட்டை கட்டும்போது எண்ணத் தொடங்குவாள்.
கோடரி, கூடாரம், மூன்று கத்தி, நாட்குறிப்பு.
"உப்பை விட்டுட்டான்" என்பாள் ஒவ்வொரு தடவையும்,
இந்தத் தடவையாவது எடுப்பான் என்று
நம்பியிருந்தவள்போல.

பிள்ளைகளுக்கு மரம் வேண்டும்.
மலையேறி கயிறறுந்து தொங்கும்போதும்
அவர்கள் அடிவாரத்து மரங்களைத்தான் பார்ப்பார்கள்.
இவிக் ஒருமுறை கேட்டான்:
இவ்வளவு மரம் நின்றால்
தூரத்தில் ஆள் வருவது எப்படித் தெரியும்?

எனக்குப் பிடித்த படம் இங்கே எடுத்தது.

பதினோரு வருஷத்துக்கு முன், மார்ச்சில்
ஹெலிகாப்டரில் வந்திறங்கினார்கள் நாற்பத்துமூன்று பேர்,
ஒரு மனிதனின் தனிமையைப் படம்பிடிக்க.
அவன் விழவேண்டிய பனித்துளையை
என் தம்பி உஸ்ஸார்காக் ரம்பத்தால் அறுத்துக் கொடுத்தான்.
கரடி வந்தால் என்று துப்பாக்கியோடு நின்றான்.
காப்பி வந்தது, இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை.
ரப்பர் உடுப்புக்குள் கதாநாயகன்
ஆறு தடவை செத்துப் பிழைத்தான்.
ஏழாவதுக்கு முன் எங்கள் வீட்டு அடுப்பில்
காலுறை காயவைத்தான்.
நல்ல பையன். சீல் சூப்பை மிச்சம் வைக்கவில்லை.

படத்தில் அவன் வானத்தைப் பார்த்துச் சொல்வான்:
"இருநூறு மைலுக்கு மனித வாடையே இல்லை."
கூடம் அதிரச் சிரிக்கும்.
பிபியானா எழுந்து கையாட்டுவாள்.
அவன் முதுகுக்குப் பின்னே வெள்ளையாய்க் கிடக்கும் சரிவில்தான்
அவளுடைய சிவப்பு வீடு,
அதற்குக் கீழே எங்கள் மஞ்சள்,
தேவாலயம், மீன் காயும் பரண்கள்,
எழுபத்தொரு பேர்.
எங்கோ ஒரு அறையில் உட்கார்ந்து
கணினியில் துடைத்திருக்கிறார்கள்.
சுத்தமான வேலை.
துணிக்கொடியின் நிழல்கூட மிச்சமில்லை.

ஆனால் ஐம்பத்திரண்டாவது நிமிஷம்.
விசிறியாய் விரிந்து ஓடும் நாய்களில்
இடது ஓரம், கறுப்பு.
துலுகாக். என்னுடையது.
மற்றவை எல்லாம் முன்னே பார்க்க
அது மட்டும் ஓட்டத்தினூடே தலை திருப்பி
அந்த வெற்று வெள்ளையைப் பார்க்கிறது,
காதை நிமிர்த்தி.
குப்பை வாளியோடு நான்
கதவைத் திறந்து வெளியே வந்த நேரம் அது.
மூன்று நொடி.

அடுத்த வருஷம் கடல் தாமதமாக உறைந்தது.
அதற்கு மேல் அதைப் பற்றி வேண்டாம்.

நேற்று அந்த மூன்று நொடியைத்
திரும்பத் திரும்ப ஓட்டினேன்.
யாரும் முணுமுணுக்கவில்லை.
நாலாவது தடவை இவிக் கேட்டான்,
"அது யாரைப் பாக்குது?"
என்னைத்தான் என்றேன்.
எழுந்து திரைக்கு அருகே போனான்.
அவன் கையின் நிழல் சரிவு முழுக்க விழுந்தது.
"இங்கேயா?"
இன்னும் கொஞ்சம் கீழே.
"இங்கேயா?"
கொஞ்சம் வலது பக்கம். அங்கேதான். கதவு.

விரலை எடுக்காமல் நின்றான்.

இருட்டில் கில்லாக் இருமினார்.
"அடுத்த வாரம் மணல் போடு" என்றார்.