எண் பலகை மாட்டாத வண்டி

'எக்ஸ்ரேயில் வைக்காதீர்' என்ற தாளை
வார்சா விமான நிலையத்தில் மூன்றாம் முறை நீட்டுகிறாள் ஹலினா.
உள்ளே என்ன என்கிறான் காவலன்.
"இரத்தம் மாதிரி. இரத்தம் இல்லை.
இரத்தத்துக்கு முந்தியது."
சரியாகச் சொன்னோமா, அவளுக்கே சந்தேகம்.
பயிற்சி வகுப்பில் பாதி நேரம் தூங்கியவள்.

இருபத்தேழு வருடம் பொஸ்னானில் ட்ராம் ஓட்டியவளும்கூட.
மடியில் பெட்டி, நான்கு டிகிரியில்.
கழிப்பறைக்கும் அதோடுதான்.
யாரோ ஓர் இளைஞனின் இடுப்பெலும்பிலிருந்து
காலையில் உறிஞ்சியது.
யாருக்கு என்று சொல்லமாட்டார்கள்;
துர்க்கு, நான்காம் மாடி, அவ்வளவுதான்.

கீழே பால்டிக் கடல், தகரம்போல.
விழித்திருந்த பாதி வகுப்பை நினைத்துப் பார்க்கிறாள்:
குருத்தணு இன்னும் எதுவும் ஆகவில்லை.
சிவப்பணு ஆகலாம், தட்டணு ஆகலாம்,
கிருமியோடு மல்லுக்கட்டும் வெள்ளையணு ஆகலாம்.
பணிமனை வாசலில்
எண் பலகை மாட்டாமல் நிற்கும் வண்டி.
கிளைத்தடத்தில் சக்கரம் ஏறிவிட்டால்
பின்னால் வர வழியில்லை.

அதுவரை சரி.
வண்டி புறப்பட்டுப் போகும்,
அதே வண்டி பணிமனையிலும் நிற்கும் என்றார்களே,
அதுதான் அவளுக்குச் செரிக்கவில்லை.
இரண்டாய்ப் பிரிந்து ஒன்று போக, ஒன்று தங்க,
தங்கியது மறுபடி இரண்டாக,
ஓர் ஆயுள் முழுக்க.
எந்தக் கணக்குப்பிள்ளை இதற்குக் கையெழுத்துப் போடுவான்?

துர்க்குவில் மழை.
தாதி பிர்க்கோ எண்களை ஒத்துப்பார்த்துப் பெற்றுக்கொள்கிறாள்.
ஹலினா படியிறங்குகிறாள்,
ஊர் வரைபடத்தைத் தலைகீழாய்ப் பிடித்தபடி.

மேலே, நரம்பில் சொட்டத் தொடங்குகிறது.
யாரும் கொண்டுபோய் எலும்பில் விடுவதில்லை.
இதயம் வழியே, நுரையீரல் வழியே,
முன்பின் தெரியாத உடம்பின் இருட்டில்
தாமே விசாரித்துப் போய்ச் சேரும்,
மருந்து துடைத்தெடுத்த வெற்று மஜ்ஜைக்கு.
சில வந்ததும் வேலையில் இறங்கும்.
சில சும்மா தூங்கும்,
வகுப்பில் ஹலினா தூங்கியது போல.
பல வருடம் கழித்து
கைகொடுக்கப்போவது அந்தத் தூங்குமூஞ்சிகள்தாம்.

பதினேழாம் நாள்
பரிசோதனைத் தாளில் ஒரு பூஜ்யம் அசையும்.
அடுத்த வசந்தத்தில்
பி வகையாய்ப் பிறந்த ஒருவர்
ஓ வகையாய் ரொட்டி வாங்கப் போவார்.

ஹலினா கடைசிப் பேருந்தைத் தவறவிட்டாள்.
எண் இல்லாமல் ஒரு வண்டி, விளக்கெரிய, மெல்ல வருகிறது.
ஏறாதே, பணிமனைக்குப் போகிறது என்று
கையசைக்கிறார் ஓட்டுநர்.
தெரியும்.
அவளும் அப்படி எத்தனை முறை அசைத்திருக்கிறாள்,
மழையில் நின்றவர்களைப் பார்த்து.