மூன்றாவது பாலம்

கடைசிவரை முளைக்காத ஒரு பல்லுக்கு
இடம் ஒதுக்க
இரண்டு வருஷம் கம்பி போட்டார்கள்.
இருந்த சந்து போதாதாம்,
இல்லாததற்கு இன்னும் கொஞ்சம் அகலம் வேண்டுமாம்.

மாசம் ஒரு செவ்வாய்
தங்கச்சிமடத்திலிருந்து ராமநாதபுரம்.
நண்டுக் கம்பெனிக் கூலியில் தவணை.
கம்பியில் சிக்கிய நெத்திலி முள்ளை
பஸ் கண்ணாடி பார்த்து எடுப்பேன்.

"ஊருக்கு ஏற்கெனவே ரெண்டு பாலம்,
மூணாவது ஒன் வாயிலயாடி?"
என்றாள் ஜெனோவா.
சிரித்தேன், வழக்கம்போல் கையால் மூடி.

பாலத்துக்குத் தூண் வேண்டும்.
டாக்டர் இருபுறமும் ராவினார்:
ஒரு முன்பல், ஒரு கோரைப்பல்.
சொத்தை இல்லை, ஆட்டம் இல்லை,
ஒரு தப்பும் செய்யாதவை.
மரத்துப்போன உதட்டின்மேல்
என் பல்லின் தூள் ஈரமாய்த் தெறித்தபோது
எழுந்து ஓடிவிடலாம்போல் இருந்தது.

பிறகு நிறம் கேட்டார்.
சாவிக்கொத்து மாதிரி வரிசையாய்ப் பற்கள்;
வெள்ளை வெளேரென்ற ஒன்றை
அவரே எடுத்து நீட்டினார்.
வேண்டாம் டாக்டர்,
எங்கள் போர்த் தண்ணி குடித்து
வளர்ந்ததுபோல் ஒன்று கொடுங்கள்.

நண்டுக்கால் கடிக்கக் கூடாது.
நைலான் நூலைப் பல்லால் அறுக்கக் கூடாது.
சரி என்றேன்,
இரண்டாவதற்குக் கொஞ்சம் யோசித்து.

இன்று ஷெட்டில் எதற்கோ சிரிப்பு வந்தது.
கை தானாக எழுந்து
நண்டு வாடையோடு
பாதி வழியில் நின்றது.

நாக்குக்குத்தான் இன்னும் தெரியவில்லை.
போய்ப் போய்ப் பார்க்கிறது,
மீன்கடையை மாற்றிய பிறகும்
பழைய இடத்துக்கே வரும் பூனை.