லாக்கர் எண் இல்லாத வரிகள்

ஐயா,
பள்ளத்தூர்க் கிளை லாக்கர் அறைப் பதிவேட்டில்
சிவப்பு மையால் நீங்கள் வட்டமிட்ட
நாற்பத்தொரு வரிகளும் என்னுடையவை.
உள்ளே போன நேரம் இருக்கிறது,
வெளியே வந்த நேரம் இருக்கிறது,
கையெழுத்து இருக்கிறது.
லாக்கர் எண் மட்டும் இல்லை.
விளக்கம் கேட்டிருக்கிறீர்கள்.

இந்தக் கிளையில் உள்தாழ்ப்பாள் உள்ள அறைகள் இரண்டு.
ஒன்று கழிப்பறை.
உங்கள் மதியச் சாப்பாட்டை அங்கே பிரிப்பீர்களா
என்று எழுதி, அடித்துவிட்டேன்.
அடித்தது தெரிகிறது. தெரியட்டும்.

மற்றது லாக்கர் அறை.
யார் எதை எடுக்கிறார், எதை வைக்கிறார் என்று
எவரும் பார்க்கக் கூடாது என்பதால்
அங்கே கேமரா இல்லை.

வேலைக்குத் திரும்பிய அன்று
நிலவனுக்கு ஐந்தரை மாதம்.
பதினொன்றேகாலுக்கும் மூன்றுக்கும்
கடிகாரம் பார்க்காமலே மார்பு கனக்கும்.
நகைக்கடனுக்கு வந்தவளின் குழந்தை
கவுன்ட்டர் அருகே சிணுங்கினால்
அதற்கும் முன்பே.
எண்ணிக்கொண்டிருந்த கட்டு
அறுபத்திரண்டில் நின்றுபோகும்,
மறுபடி ஒன்றிலிருந்து.
ரொக்கம் ஒரு நாளும் குறைந்ததில்லை, சரிபார்க்கலாம்.

ஓர் இரும்பு நாற்காலி, ஒரு கைப்பம்பு.
சுற்றிலும் முந்நூறு பெட்டிகள்,
யார் யாருடைய கழுத்திருவோ
பர்மாவிலிருந்து வந்த சிவப்புக் கற்களோ.
நடுவே
புட்டியின் அடியைக்கூட மூடாத பால்.
அவன் காது மடலை நினைப்பேன், வராது.
வரி பாக்கியை நினைப்பேன், வராது.
எதையும் நினைக்காதபோது
சுர்ரென்று இறங்கும்.

முதல் நாள் முப்பது மில்லி.
அதிலும் பாதி தரையில்.
துடைக்க வந்த ஆரோக்கியசாமியிடம்
தண்ணீர் என்று பொய் சொன்னேன்.
மூன்று பிள்ளைகளின் தகப்பன், மூக்குக்குத் தெரியாதா.
மறுநாளிலிருந்து எதிர் ஜூஸ் கடை ஐஸ்
ஒரு டம்ளர் என் மேசைக்கு வந்தது.
மேனேஜருக்குத் தலைவலி என்று
கடையில் சொல்லி வைத்திருந்தாராம்.
மேனேஜருக்கு இது தெரியாது.
இந்த நகல் போனால் தெரியும்.

பதினேழாவது வரியில் ஒரு குறை உண்டு.
உமையாள் ஆச்சியைப் பன்னிரண்டு நிமிடம்
வெளியே நிறுத்தி வைத்தேன்.
ஆச்சி என்றதும் கிழவியை நினைக்க வேண்டாம்,
நாற்பது வயது, அம்பத்தூரில் சொந்த அச்சகம்,
தங்கை கல்யாணத்துக்கு நகை எடுக்க வந்தவர்.
நான் கதவு திறந்தபோது
ரவிக்கைக் கொக்கி ஒன்று மாறியிருந்தது.
பார்த்தார். பெட்டியைத் திறந்தார், எடுத்தார், பூட்டினார்.
கையெழுத்துப் போடும்போது
‘எவ்வளவு வந்துச்சு?’ என்றார்.
‘தொண்ணூறு.’
‘எனக்கு எட்டாவது வாரத்துல நின்னுபோச்சு.
ஆபீஸ் வாஷ்பேசின்லதான் பீச்சி ஊத்துவேன்’
என்று பர்ஸுக்குள் சாவியைத் தேடினார்.
சாவி கையில்தான் இருந்தது.
புகார் எதுவும் தரவில்லை.

பால் போகும் இடமும் எழுத வேண்டுமா?
காரைக்குடி, ஐந்து விளக்குப் பக்கம்,
என் கணவர் முத்தரசுவின் செல்போன் பழுதுக்கடை.
கல்லாவுக்குப் பின்னால் தொட்டில்.
திருப்புளி பிடித்த கையைக் கழுவி
மறுநாள் அதைப் பாலாடையில் புகட்டுவார்.
சில மாலைகளில்
பஸ்ஸில் நின்றே போய்ச் சேரும் என்னைப் பார்த்து
யாரோ என்பதுபோல் முகம் திருப்புவான் மகன்.
இது விளக்கத்துக்குத் தேவையற்றது.

கடைசி வரி, சென்ற வெள்ளி,
மூன்று பத்து முதல் மூன்று இருபத்தைந்து வரை.
அன்று நீங்கள் வந்திருந்தீர்கள்.
கேள்விக்குப் பின் கேள்வி, பதினொன்றேகால் போய்விட்டது.
நனைந்த முந்தானைமேல்
கடன் கோப்பை அணைத்தபடி நின்றேன்.
உட்காருங்கள் என்றீர்கள், உட்காரவில்லை.
பிறகு அந்த அறையில்
கல்லாய் இறுகியதை நீவி நீவிப் பார்த்தேன்.
ஒரு சொட்டு வரவில்லை.
கண்ணில்தான் வந்தது.

அந்தக் கட்டத்தில் என்ன எண் போடுவது ஐயா?
வேறு அறை உண்டென்றால் தெரிவிக்கவும்.
இதை இத்தோடு நிறுத்துகிறேன்,
மணி பதினொன்று பதினான்கு.