பழைய எண், புதிய எண்

மடிக்கணினிக்குத் திரை உடைந்து ரெண்டு வருஷம்.
மூளைக்கு ஒன்றுமில்லை.
ஃபிரிட்ஜ் தலையில், ஸ்டெபிலைசருக்குப் பக்கத்தில்
மூடியபடியே ஓடுகிறது.
கொருக்குப்பேட்டை கேட்டுக்கு இந்தப் பக்கம்
எங்கள் சந்தின் சர்வர் அதுதான்.

அதில் இருப்பது ஒரே பக்கம்:
தண்ணி லாரி எங்கே வருகிறது.
கிளம்பும்போது டிரைவர் ஜெயவேலு ஒரு மெசேஜ் போடுவார்,
கேட் மூடியிருந்தால் இன்னொன்று.
நாற்பத்து மூன்று வீடும் படுத்தபடியே பார்த்துவிட்டு
குடத்தைத் தூக்கும்.

கரண்ட் போய் வந்தால் போச்சு.
ரவுட்டர் கண்ணைக் கசக்கி எழும்போது
கம்பெனி வேறு நம்பரைக் கையில் திணித்திருக்கும்.
நேற்றைய நம்பர்
மணலியிலோ மாதவரத்திலோ யாருக்கோ போயிருக்கும்.
விடிகாலை நாலே முக்காலுக்கு
எங்கள் சந்தே திரண்டுபோய்
முகம் தெரியாத அந்த வீட்டுக் கதவைத் தட்டும்:
தண்ணி வந்துச்சா, தண்ணி வந்துச்சா.
தட்டியதுகூட அவர்களுக்குத் தெரியாது.
அப்புறம் என் கதவு, நிஜக் கையால்.
"இன்னா பவுலின், பொட்டி செத்துப்போச்சா?"

மாறாத நம்பர் தருகிறார்களாம்,
மாசம் முந்நூறு, வரி தனி.
கேபிள் இழுக்கிற டார்வின் சொன்னான்.
நாலு வீட்டில் கேட்டு முந்நூறைப் புரட்டிவிட்டேன்.
ஃபோனில் ஒரு பெண், கனிவான குரல்:
"நிலையான முகவரிக்கு
முகவரிச் சான்று வேணும் மேடம்."

பீரோவைத் திறந்தேன்.
ரேஷன் கார்டில் பழைய எண் பதினாலு.
ஆதாரில் புதிய எண் முப்பத்தொன்று.
கரண்ட் பில் இன்னும் செத்துப்போன ஹவுஸ் ஓனர் பேரில்.
கதவில் சுண்ணாம்பால் ஒரு எண் இருக்கிறது,
கணக்கெடுக்க வந்தவர்கள் போட்டது.
எதைக் கணக்கெடுத்தார்கள் என்று சொல்லவில்லை.
கால்வாய் ஓரத்து வரிசையை
ஊரின் அந்தக் கோடிக்கு ஏற்றிக்கொண்டு போனபோதும்
முதலில் சுண்ணாம்புதான் வந்தது.

"இதுல எது உங்க அட்ரஸ் மேடம்?"
எல்லாந்தான் என்றேன்.
கொஞ்ச நேரம் லைனில் பாட்டு ஓடியது.

சரி, நம்பர் மாறினால் மாறட்டும்.
பேரைப் பிடித்துக்கொண்டேன்.
காசில்லாமல் ஒரு பேர் கிடைத்தது: லாரிவருது.
ரவுட்டரில் ஒரே ஒரு வாசலைத் திறந்து
அது இந்தப் பெட்டிக்கு என்று எழுதிவைத்தேன்.
வீட்டுக்குள் பெட்டிக்கு எண் ஐம்பது, மாறாது.
இந்த வீட்டில் எண் மாறாதது அது ஒன்றுதான்.
மிச்சம் எட்டு வரி ஸ்கிரிப்ட்.
அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதரம்
எங்கோ தூரத்துப் பதிவேட்டுக்குப் பெட்டி சொல்லும்:
நான் இப்ப இங்க இருக்கேன்.
இங்கதான் இருக்கேன்.
இல்ல, இப்ப இங்க.

நேற்று ராத்திரி ரெண்டு தடவை கரண்ட் போனது.
எழுந்ததும் பதிவைப் பார்த்தேன்.
மாறவில்லை. மாறவில்லை. மாறியது.
மாறவில்லை. மாறியது. மாறவில்லை.
நாலு ஐம்பதுக்கு முதல் ஆள் உள்ளே வந்திருக்கிறது.
எதிர்வீட்டு மும்தாஜாகத்தான் இருக்கும்,
குடம் உருளும் சத்தம் கேட்டது.

லாரி கேட்டில் நிற்கிறது.
சரக்கு ரயில்.
இருபத்தேழு பெட்டி எண்ணிவிட்டேன்,
இன்னும் போய்க்கொண்டிருக்கிறது.